பாரபாலிக் ஸ்பிரிங் என்ற பெயரில் கறுப்பு பெயிண்ட்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மாதவரம், மூலக்கடை, மணலி பக்கம் பழைய வண்டியைக் கொடுத்துப் பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, தெரிந்த வக்கீல் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்றார். பெயரை விட, வேலையை எப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்று தெரிவதுதான் முக்கியம். அது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

என் வண்டி அம்பாசிடர் எஸ்டேட். டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை கடைசிவரை நீண்டு போகுமே, அந்த மாடல். அம்பாசிடரைத் தெரியாதவர் கிடையாது, ஆனால் எஸ்டேட்டை நேரில் பார்த்தவர்கள் கம்மி. மின்ட் சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் "ஆம்புலன்ஸா சார் இது?" என்று கேட்பார். பெரம்பூரில் ஒரு ரயில்வே குடும்பத்திடம் வாங்கினேன். பழைய 1489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், ஐந்து கியர் பாக்ஸ், முன்னால் டிஸ்க் பிரேக் எல்லாம் அவர்களே போட்டு, ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியிலும் ஏற்றி வைத்திருந்தார்கள். பின்பக்கம் மட்டும், அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் காலத்திலேயே நின்றுவிட்டது. ஒரே ஆக்சில், இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பிளேட்டுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்.

தனியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிப் பசங்களையும் அவர்களின் ஃபுட்பால் மூட்டையையும் ஏற்றினால் அப்படியே தரையோடு உட்கார்ந்துவிடும். அதோடு கன்டெய்னர் லாரிகள் குழி பறித்து வைத்திருக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வேறு. இசுசுக்கு இழுவை அதிகம் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளப்பினால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் பிளேட்டுகளை நெளிக்கும், டயர் தடதடவென்று துள்ளும். பழைய வண்டியில் பெரிய எஞ்சின் போட்ட எல்லாருக்கும் இது பழக்கமான சத்தம்தான்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து பாரபாலிக் ஸ்பிரிங் என்றார் கடைக்காரர். அதில் தப்பில்லை, நல்ல சாமான்தான். சாதாரண செட்டில் ஒரே தடிமன் உள்ள பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒன்றையொன்று உரசும். பாரபாலிக்கில் ஒவ்வொரு பிளேட்டும் நடுவில் தடிமனாக ஆரம்பித்து இரண்டு முனைக்கும் மெலிந்துகொண்டே போகும். பிளேட்டுகள் குறைவு, நடுவிலும் முனையிலும் மட்டும்தான் தொட்டுக்கொள்ளும். உரசல் இல்லாததால் சின்னக் குழிகளை மெத்தென்று வாங்கும். ஆனால் அந்த உரசல்தான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் முழுச் சுமையும் ஷாக் அப்சார்பர் தலையில் விழும். அதனால் ஷாக்கும் நல்லதாக இருக்க வேண்டும்.

கொட்டேஷன் இதுதான்: மூன்று பிளேட் பாரபாலிக் செட், வாயு அடைத்த கேஸ் ஷாக் இரண்டு, ஸ்பிரிங் முனைக்குப் புது ரப்பர் புஷ், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் புது யு போல்ட், ஆக்சில் முறுக்காமல் இருக்க ட்ராக்ஷன் பார். மொத்தம் 68,000 ரூபாய். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் வரிவரியாக எழுதி வாங்கிக்கொண்டு, 40,000 அட்வான்ஸை ஜிபேயில் போட்டேன். வண்டியை விடும் முன் நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு இந்த போட்டோதான் கைகொடுத்தது.

அப்புறம் வழக்கமான பாட்டுதான். பார்சல் புனேவில் இருக்கிறது, பார்சல் ஓசூர் வந்துவிட்டது, ஆயுத பூஜைக்குப் பசங்க ஊருக்குப் போயிருக்காங்க ப்ரோ. போனால், "ப்ரோ, இது உங்க வண்டி இல்ல, நம்ம வண்டி" என்று தோளில் கை போடுவார். நம்ம வண்டி கண்ணாடி இறக்கிய நிலையில் மழையில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் அதை வைத்து ஒரு ரீல்ஸ் போட்டு லைக்கும் வாங்கிவிட்டார்கள்.

டெலிவரி கொடுத்தது நன்றாக இருட்டிய பிறகு. பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் கறுகறுவென்று பளபளத்தது. புது ஸ்பிரிங் செட்டும் கறுப்பாகத்தான் வரும் என்பதால் அந்த வெளிச்சத்தில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டில் 'சஸ்பென்ஷன் ஒர்க் – 68,000' என்று கிறுக்கிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, சாமான் விவரம் இல்லை. கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் கூட வரும் ப்ரோ என்று பதில்.

மாதவரம் 200 அடி ரோட்டில் 60-ஐத் தாண்டினதும் வண்டி ஃப்ளோருக்கு அடியில் ஒரு அதிர்வு கிளம்பியது. எழுபதில் பின் கண்ணாடியில் உருவமே தெரியவில்லை, அப்படி நடுக்கம். வாரக் கடைசியில் பசங்களை ஏற்றினேன், பழையபடி உட்கார்ந்தது. இறக்கிவிட்ட பிறகும் இடது பக்கம் எழுந்திருக்கவில்லை. டேப்பை வைத்து அளந்தால் இடது பின்பக்கம் முன்னால் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. 68,000 கொடுத்து வண்டியை இறக்கி வாங்கியிருக்கிறேன்.

வண்டியை விற்ற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரயில் பெட்டி ஸ்பிரிங்கோடு ஆயுசைக் கழித்தவர். நான் போனில் சொன்னதுமே "வெர்னியர் வச்சிக்கிறேன், செம்பியம் வந்துடு தம்பி" என்றார். வெர்னியர் என்றால் தடிமனை நுணுக்கமாக அளக்கும் கருவி. தெரு ஓரத்தில் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் போனவர், முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் பிளேட்டைச் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் சுருண்டு உதிர்ந்தது. அதற்குக் கீழே நீல பெயிண்ட். அதையும் சுரண்டினால் அம்மைத் தழும்பு போல் துருக்குழிகள். ஏதோ சின்ன லோடு வண்டியில் ஓடித் தேய்ந்த பிளேட்டுகளை அளவுக்கு வெட்டி, பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

வெர்னியரை நடுவில் வைத்தார்: 8 மில்லிமீட்டர். முனையில் வைத்தார்: அதே 8. எட்டிப் பார்த்து, "இது பாரபாலிக்னு எவன் சொன்னான்?" என்றார். சொன்னவன் பெயரைச் சொன்னதும் அவர் கொடுத்த பட்டத்தை இங்கே எழுத முடியாது.

இடது செட்டைக் கழற்றிய பிறகுதான் மோசமானது தெரிந்தது. மெயின் பிளேட்டின் அடிப்பக்கம் கருகிச் செதில் செதிலாக இருந்தது. கேஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றியிருக்கிறார்கள். ஸ்பிரிங் இரும்பைச் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அந்தத் துள்ளலைக் கொண்டுவருவார்கள். அதைத் திரும்பச் சிவக்கக் காய்ச்சி அப்படியே காற்றில் ஆற விட்டால் பதம் போய்விடும், பார்க்க மட்டும் நிமிர்ந்து நிற்கும். நாலு குழி இறங்கி ஏறினால் படுத்துவிடும். லாரி ஸ்பிரிங் கடைகளில் சூடு காட்டாமல், சுத்தியால் வரிசையாக அடித்தே வளைவு ஏற்றுவார்கள். அது முறையான வேலை, அதில் இந்தச் செதில் இருக்காது.

ஷாக் அப்சார்பர் கதை இதைவிட வேடிக்கை. கேஸ் ஷாக்கின் தண்டை உள்ளே அமுக்கி விட்டால், உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருப்பதால் தானே மெதுவாக வெளியே வரும். கடையில் வாங்கும்போதே யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். பெரியவர் அமுக்கினார், போன தண்டு போனதுதான். தலைகீழாகப் பிடித்தால் கறுப்பு எண்ணெய் ஒழுகியது. அடியில் துளை போட்டு, ஏதோ எண்ணெயை ஊற்றி, வெல்டிங்கால் அடைத்து, மேலே ஒரு ஸ்டிக்கர்.

யு போல்ட் நான்கில் மூன்று பழையவை. முறுக்கி இழுபட்ட யு போல்டைக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். போட்டு ஓட்டிய பிறகு ஒருமுறை மறுபடி டைட் செய்ய வேண்டும். புஷ் புதுசுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதற்குள் வாய் பிளந்திருந்தது. சக்கரம் தரையில் நின்று எடை விழுந்த பிறகுதான் கடைசி முறுக்கு போட வேண்டும் என்பது மெக்கானிக் வேலையில் அரிச்சுவடி. அதிர்வுக்குக் காரணம், வேறு வளைவுள்ள செட்டைப் போட்டதில் ஆக்சிலின் மூக்கு திரும்பி, எஞ்சின் பக்கத்திலிருந்து ஆக்சிலைச் சுழற்றும் புரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கோணம் கெட்டுப்போனது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரிசெய்திருக்க வேண்டும். ட்ராக்ஷன் பார் என்பது கட்டிலுக்குப் போடும் எல் ஆங்கிள். அதன் மறுமுனையை பாடிக்கு அடியில் இருக்கும் உறுதியான சட்டத்தில் பிடிக்காமல் ஃப்ளோர் தகட்டில் ஒட்டவைத்திருந்தார்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். இந்தப் பதிவை எழுத வைத்தது பிரேக் ஹோஸ். பாடியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போவது ஒரே ஒரு ரப்பர் ஹோஸ். வண்டி உயர்ந்தால் ஆக்சிலுக்கும் பாடிக்கும் இடைவெளி கூடும், அதற்கேற்ப நீளமான ஹோஸ் போட வேண்டும். போடவில்லை. ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது, நட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. ஸ்பீடு பிரேக்கரில் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது இழுபட்டிருக்கிறது. உள்ளே மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கழற்றியதையெல்லாம் போட்டோ, வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், இந்த வண்டிக்குப் பாரபாலிக் இப்படித்தான் வரும் என்றார். வெர்னியர் போட்டோவைக் காட்டியதும், சப்ளையர் ஏமாற்றிட்டான் ப்ரோ. ஷாக்கைக் காட்டியதும், உங்க ஏரியா ரோடு அப்படி. கடைசியில் "போய் கேஸ் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஒருவரின் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

கேஸ் போட்டாயிற்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்துக்குச் சென்னை வடக்கு ஆணையம். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்தேன். ஒழுங்கான பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் கொட்டேஷனும் ஜிபே ரசீதும் இருக்கின்றன. அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும் சாமான் பெயரை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் போடாதீர்கள். டெலிவரியைப் பகலில், வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் பிட்டில் ஏற்றி நிறுத்தச் சொல்லி எடுங்கள். கையில் ஒரு நாணயமும் வெர்னியரும் இருக்கட்டும். நாணயம் என்றாலே முகம் மாறுகிற கடைக்காரர் இருக்கிறார், நான் பார்த்துவிட்டேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. ஜிஎன்டி ரோட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் போடும் ஒரு பழைய கடையில் புது இரும்பில் சாதாரண செட் அடித்து வாங்கினேன். யு போல்ட், ஹோஸ், ஆப்பு எல்லாம் சேர்த்து 23,000. மேஸ்திரி வண்டியை இறக்கி, பின்னால் என்னையும் உதவிப் பையனையும் உட்காரவைத்த பிறகுதான் புஷ் போல்டைக் கடைசியாக முறுக்கினார். பாரபாலிக் மென்மை இல்லைதான், பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உதவி வேண்டும். என் வண்டியின் ஒரிஜினல் பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் அந்தக் கடைக்காரர் திருப்பித் தரவில்லை. காயலான் கடைக்குப் போய்விட்டது என்கிறார். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, எஸ்டேட் செட்டுக்கு நான் எங்கே போவேன்? இரண்டு செட்டிலும் சென்டர் போல்ட் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும், வலது செட்டின் மெயின் பிளேட் முனையில் உளியால் வெட்டிய சின்ன எக்ஸ் குறி இருக்கும். புதுப்பேட்டையிலோ மூலக்கடை பக்கமோ யார் கண்ணிலாவது பட்டால் விலை பேசிவிடாமல் முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.