பவர் ஆப்ஸ் ரீசெட்: 40 பதிவு போட்டுப் பார்த்த பிறகு

ஒரே ஆள் ஒரே மூச்சில் 40 பதிவு போடுகிற ஸ்டாக் என்ட்ரி ஆப் ஒன்றை, மைக்ரோசாஃப்டின் ஆப் உருவாக்கும் கருவியான பவர் ஆப்ஸில் செய்து முடித்தேன். இந்த மாதிரி வேலையில் சேமித்த அடுத்த நொடிதான் எனக்கு முக்கியம். பெட்டிகள் காலியாகி அடுத்த சரக்குக்குத் தயாராக இருக்க வேண்டும். முன்பு வேறொரு கருவியில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக வெற்று மதிப்பு எழுதுவேன். புதுப் பெட்டி சேர்க்கும்போது அதற்கு எழுத மறந்துவிட்டால் போச்சு, பழைய எண்ணிக்கை அடுத்த சரக்கின் பேரில் ஏறிவிடும்.

இங்கே முதலில் 12 கன்ட்ரோலுக்கும் (பெட்டிக்கும்) ரீசெட் ஃபங்ஷனை, அதாவது பெட்டியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் கட்டளையை, வரிசையாக எழுதினேன். வேலை செய்தது. ஆனால் சேமி, ரத்து, அடுத்தது என்று 3 பட்டனிலும் அதே 12 வரி. அப்புறம்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள ரீசெட் ப்ராப்பர்ட்டி என்ற அமைப்புக்கு மாறினேன். அதன் மதிப்பு ட்ரூ ஆனால் பெட்டி தொடக்க நிலைக்குத் திரும்பும். அழிய வேண்டிய எல்லாப் பெட்டியிலும் ஒரே வேரியபிள் (மாறும் மதிப்பு). பட்டனை அழுத்தினால் அது ட்ரூ ஆகும், கையோடு ஃபால்ஸ் ஆகும். அந்த ஃபால்ஸை விட்டுவிடாதீர்கள், விட்டால் இரண்டாம் முறை எதுவும் அழியாது. தேதிக்கும் கிடங்கின் பெயருக்கும் வேரியபிளைக் கொடுக்கவில்லை. அவை நாள் முழுக்க மாறாதவை, அப்படியே நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு பட்டன் மட்டும் என்றால் வேரியபிளே வேண்டாம். ரீசெட் ப்ராப்பர்ட்டியில் அந்தப் பட்டனின் பிரஸ்டு மதிப்பை (அழுத்தும்போது மட்டும் ட்ரூ ஆவது) கொடுத்தால் போதும். 4, 5 பெட்டிதான் என்றால் ரீசெட் ஃபங்ஷனே சுலபம். எதில் செய்தாலும் பெட்டி திரும்புவது நாம் முன்பே கொடுத்து வைத்த டீஃபால்ட் மதிப்புக்குத்தான். டீஃபால்ட்டில் 1 இருந்தால் 1 வரும், வெற்றிடம் வராது.

எடிட் ஃபார்ம் (ஒரு பதிவின் பெட்டிகளை ஒன்றாக வைக்கும் படிவம்) வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஃபார்முக்கு உள்ளே இருக்கும் பெட்டியை வெளியிலிருந்து ரீசெட் செய்ய முடியாது, முழு ஃபார்மையும் திருப்பும் ரீசெட்ஃபார்ம் ஃபங்ஷன்தான் வழி. அதுவும் நியூ மோடில் (புதுப் பதிவு போடும் நிலையில்) இருந்த ஃபார்மை எடிட் மோடுக்கு (இருக்கும் பதிவைத் திருத்தும் நிலைக்கு) கொண்டுபோய்விடும். தொடர்ந்து புதுப் பதிவு போட வேண்டுமானால் சேமிப்பு வெற்றியானால் மட்டும் ஓடும் ஆன்சக்சஸில், ஃபார்மை நியூ மோடுக்குக் கொண்டுவரும் நியூஃபார்மை எழுதுங்கள். ஃபார்மைச் சேமிக்கும் சப்மிட்ஃபார்முக்கு அடுத்த வரியிலேயே எழுதிவிடாதீர்கள். சேமிப்பு தோற்றால் தட்டச்சு செய்தவரின் உழைப்பு மொத்தமும் போய்விடும்.

என் ஆப்பில் எடிட் ஃபார்ம் இல்லை, பதிவைச் சேமிப்பது பேட்ச் என்ற ஃபங்ஷன். அது தோற்கவில்லை என்று உறுதியான பிறகுதான் வேரியபிள் மாறும். கடைசி வரி செட்ஃபோகஸ், அதாவது கர்சரை ஒரு பெட்டிக்கு நகர்த்தும் ஃபங்ஷன். கர்சர் தானாகப் பார்கோடு பெட்டிக்கு வந்து நிற்கும், ஸ்கேனரைப் பிடித்த கை மவுஸைத் தேடிப் போக வேண்டியதில்லை.