லண்டனின் இரண்டு பழைய பப்கள்: செஷயர் சீஸா, ஜார்ஜ் இன்னா?

லண்டனில் பழைய பப் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் பெயர்கள் இரண்டு. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் யீ ஓல்டு செஷயர் சீஸ் ஒன்று. தேம்ஸுக்குத் தெற்கே, பரோ ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஜார்ஜ் இன் இன்னொன்று. வயதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. 1666 பெருந்தீக்குப் பிறகு 1667இல் செஷயர் சீஸ் திரும்பக் கட்டப்பட்டது. 1676இல் ஜார்ஜ் இருக்கும் சதக் பகுதி எரிந்ததும் 1677இல் ஜார்ஜ் எழுந்தது. பத்து வருட வித்தியாசம்தான். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் கிடைப்பவை வேறு வேறு அனுபவங்கள். அந்த வேறுபாடு பெரும்பாலும் கட்டடத்தால் வந்ததல்ல, அதை யார் வைத்திருக்கிறார்கள் என்பதால் வந்தது.

செஷயர் சீஸின் வாசல் பெரிய தெருவில் இல்லை. வைன் ஆஃபீஸ் கோர்ட் என்ற சந்துக்குள் திரும்ப வேண்டும். அந்த பப் இருந்த காலத்தில் ஆண்ட மன்னர்களின் பெயர்களை வாசலருகே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். தரையில் மரத்தூள், குளிர்காலத்தில் கணப்பு, கறுத்துப்போன மரச்சுவர்கள். ஒரே பெரிய அறையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்னச் சின்ன அறைகளும் குறுகிய படிகளும் மாறி மாறி வரும். அப்புறம் கீழே இறங்கினால் கல் வளைவு போட்ட நிலவறை. நண்பர்கள் "உள்ளே இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் தேடிக் களைத்துவிடுவீர்கள். எந்த அறை என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்த டாக்டர் சாமுவேல் ஜான்சன் இங்கே வந்து குடித்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் வாழ்ந்த காஃப் ஸ்கொயர் வீடு பக்கத்துச் சந்திலேயே இருப்பதால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் காலத்து எழுத்துச் சான்று எதுவும் இல்லை. பாலி என்ற கிளியின் கதை உறுதியானது. இந்த பப்பில் வளர்ந்த அது 1926இல் இறந்தபோது பல நாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் குறிப்பு வெளியிட்டன.

இந்த பப்பை நடத்துவது யார்க்‌ஷயரின் டாட்கேஸ்டரில் இருக்கும் சாமுவேல் ஸ்மித் மதுவடிப்பகம். பிடிவாதமான நிறுவனம். தங்கள் பப்களில் இசை கூடாது என்றார்கள், டிவி கூடாது என்றார்கள், 2019இல் கைப்பேசியும் கூடாது என்றார்கள். விற்பதும் பெரும்பாலும் சொந்தத் தயாரிப்பு மட்டுமே. கின்னஸ் பியர் கேட்டால் கிடைக்காது. ரீல்ஸ் எடுக்க வருபவர்களுக்கு இது எரிச்சல்தான். எனக்கு இதுவே அந்த இடத்தின் உயிர். எதிரில் இருப்பவரின் குரலைத் தவிர வேறு எதுவும் போட்டிக்கு வராத ஒரு மாலை இன்றைக்கு எங்கே கிடைக்கிறது?

ஜார்ஜின் அழகு வெளியே இருக்கிறது. மாடி மாடியாக மரத் தாழ்வாரம் ஓடும் இப்படிப்பட்ட பழைய குதிரைவண்டிச் சத்திரம் லண்டனில் இது ஒன்றுதான் மிச்சம். ஒரு காலத்தில் முற்றத்தைச் சுற்றிலும் கட்டடம் இருந்தது. 1889இல் ரயில்வே கம்பெனி தன் தேவைக்காக அதில் பெரும்பகுதியை இடித்துவிட்டது. தெற்குப் பக்கம் மட்டும் தப்பியது. அதுவும் 1937இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்குப் போனதால் காப்பாற்றப்பட்டது. கட்டடம் அவர்களுடையது, பப்பை நடத்துவது பல பப்களை நடத்தும் கிரீன் கிங் என்ற பெரிய நிறுவனம். அதனால்தான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வருகிற சிலிர்ப்பு மெனு அட்டையைக் கையில் எடுத்ததும் குறைந்துவிடுகிறது. அதே பர்கர், அதே மீன்-சிப்ஸ். வேறு நூறு பப்களிலும் இவற்றைச் சாப்பிடலாம்.

ஆனாலும் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போவதானால் ஜார்ஜ்தான் வசதி. முற்றத்தில் மேசைகள் நிறைய. படி ஏறி இறங்க வேண்டாம். பரோ மார்க்கெட் என்ற உணவுச் சந்தை நடக்கிற தூரம்தான். வியாழன், வெள்ளி மாலைகளில் லண்டன் பிரிட்ஜ் பக்கத்து அலுவலகக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சைவர்களுக்கு ஒரு தகவல். கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் என்ற பாரம்பரிய பியர் வகைகளைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். இது பலருக்குத் தெரியாது. எந்த பப்பானாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். செஷயர் சீஸில் சாமுவேல் ஸ்மித் பாட்டில் வகைகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை விலங்குப் பொருள் சேராதவை.

இரண்டு இடங்களிலும் மேசைக்கு யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருக்காதீர்கள். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கோப்பையை நீங்களே எடுத்து வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது, ஆனால் அடுத்தது யார் என்று பணியாளருக்குத் தெரியும். பைண்ட் என்பது 568 மில்லி. ருசி பார்க்க மட்டும் என்றால் அரைப் பைண்ட் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சரி, என் தேர்வு? இரண்டு மூன்று பேராக, குளிர்காலத்தில், பேசுவதற்காகப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் செஷயர் சீஸ். கோடையில் வெயில் அடிக்கிற நாள், குடும்பத்தோடு என்றால் ஜார்ஜ்.

நடக்கத் தயார் என்றால் ஒரே மாலையில் இரண்டையும் பார்க்கலாம். அலுவலகங்கள் விடும் முன்பே செஷயர் சீஸுக்குப் போய்விடுங்கள். ஞாயிறாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு வரும் வழியில் ஆப்பு வடிவத்தில் பிளாக் ஃபிரையர் என்ற பப் நிற்கும். 1905 வாக்கில் பளிங்கும் செம்பும் இழைத்து, துறவிகளின் கேலிச் சிற்பங்களோடு அமைத்தது. 1960களில் இடிக்கப் பார்த்ததை, கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடித் தடுத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பாலத்தைக் கடந்து ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் ஜார்ஜ் வந்துவிடும்.