மாலி ஸ்ப்ரே: இரண்டரை வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் கன்வேயர் செயினில் பதினொரு பின் மாற்ற வேண்டி வந்தது. கேள்விப்பட்ட நண்பர், "அண்ணா, அந்த மாலி ஸ்ப்ரேவை நம்பி வாங்கலாங்களா?" என்று போன் பண்ணினார். செயினுக்கு எண்ணெய், கிரீஸுக்குப் பதிலாக நான் அடிக்கும் உலர் மசகு அது. போனில் பாதிதான் சொன்னேன்.

எங்களுடையது பவுடர் கோட்டிங் பட்டறை. சாமான் (நாங்கள் ஜாப் என்போம்) மேல் பெயின்ட் பொடி அடித்து, செயினில் ஓவனுக்குள் அனுப்பிச் சுடுவோம். ஓவன் 200 டிகிரியில் ஓடும். கிரீஸ் கருகிக் கட்டியாகிவிடும். எண்ணெய் புகையும், ஒரு சொட்டு ஜாப் மேல் விழுந்தால் பெயின்ட்டில் குழி. அதனால்தான் மாலி ஸ்ப்ரேவுக்கு, அதாவது மாலிப்டினம் டைசல்பைடுக்கு மாறினேன். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான பொருள் அது. அடுக்கின் மேல் அடுக்கு சறுக்கும், அதுவே மசகு. காற்றுபடும் இடத்திலும் 350 டிகிரி வரை தாங்கும்.

முதல் நாள் செயின் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன், அவ்வளவு அமைதி. இந்த முறை கழற்றிய நல்ல பின் ஒன்றில் நகத்தை ஓட்டினேன். பள்ளமே தட்டவில்லை. பழைய செயினில் இதற்குள் பின்னெல்லாம் நடுவில் இடுப்பு விழுந்திருக்கும்.

அப்படியானால் அந்தப் பதினொன்று? ஓவன் வாசல் வளைவில் பிரஷ் எட்டாத இடத்தில் பழைய கிரீஸ் மிச்சம் இருந்திருக்கிறது. பிசுக்கின் மேல் அடித்தால் படலம் பிடிக்கவே பிடிக்காது. டப்பாவில் 'அடித்தால் போதும்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வரும் கோபமெல்லாம் அந்த ஒரு வரி மேல்தான். தின்னரில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் அடிக்கணும். தின்னர் வாடை முழுசாகப் போகும்வரை ஓவனை மூட்டக்கூடாது. ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும்.

எண்ணெய் என்றால் ஒதுங்கினாலும் திரும்பி வழிந்து வரும். இது உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991-ல் விரியாமல் சிக்கிக்கொண்டது. கலிபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் அலைந்த குலுக்கலில் பின்களின் உலர் மசகு போய்விட்டதே காரணம் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் கணிப்பு. அவர்களுக்கே அந்தக் கதி, நான் ஒரு வளைவை விட்டுவிட்டேன்.

வெள்ளை ஜாப்பில் எப்போதாவது கறுப்புப் பொடி விழும். அடியில் தகடு கட்டிச் சரிசெய்தாயிற்று.

நண்பருக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு ஞாயிறு ஏது? எனக்கு மட்டும் நேற்று இன்னும் ஆறு டப்பா சொல்லிவிட்டேன்.