ஸ்காட்லாந்தில் நீராவி ரயில்: குழந்தைகளோடு எதில் ஏறலாம்?

ஜாக்கபைட் ரயில் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மல்லைக் வரை 66 கிலோமீட்டர் ஓடுகிறது. இடப்பக்கம் உட்காருங்கள். கிளென்ஃபின்னன் பாலத்தின் 21 வளைவுகள் மேல் வண்டி திரும்பும்போது, ஒரு பக்கம் ஷீல் ஏரி, முன்னால் எஞ்சினின் புகை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாள் நினைவு! ஆனால் ஒரு வழிக்கே சுமார் இரண்டு மணி நேரம். சின்னக் குழந்தைகள் சிணுங்கிவிடும். டிக்கெட்டும் விலை அதிகம். (அதே பாலத்தில் சாதாரண ரயிலும் போகிறது, கட்டணம் குறைவு.)

ஸ்ட்ராத்ஸ்பே ரயில் ஏவிமோரிலிருந்து ப்ரூம்ஹில் வரை 16 கிலோமீட்டர்தான். பெரிய பாலம் இல்லை, சரி. கெய்ர்ன்கார்ம் மலைகள் கூடவே வரும். மூன்று வயதுக் குழந்தையோடு போனால் நான் இதைத்தான் சொல்வேன்.