டயாலிசிஸ் செய்பவர் வீட்டுக்கு எந்த பிரஷர் மிஷின்?

புயத்தில் கட்டும் மிஷினை மட்டும் வாங்குங்கள். கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பார்மசியில் மணிக்கட்டு மிஷினை எடுத்துக் காட்டினால், எவ்வளவு கைக்கு அடக்கமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் செயலிழந்த பலருக்கு ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து இறுகியிருக்கும். மணிக்கட்டு அளவை நம்ப முடியாது. கை தொங்கிவிட்டால் இன்னும் மோசம். கையில் சுற்றும் கட்டு (cuff) இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே பிரஷர் 7, 8 எண் கூடிக் காட்டும். நின்று அளக்கும்போது இந்தக் கோளாறு பிரஷர் சரிவதையே மறைத்துவிடும். டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் மிஷின் தேவைப்படுவதே நின்று அளப்பதற்குத்தான்.

எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கும். தானியங்கி நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நாடித்துடிப்பை ஏற்ற வேண்டும். முற்றிய சிறுநீரக நோயில், அதிலும் இனிப்புநீர் சேர்ந்துவிட்டால், இந்த நரம்புகள் பழுதாகின்றன. டயாலிசிஸ் நடுவே பிரஷர் இறங்குவதற்கும், காலையில் எழுந்து பாத்ரூம் போகையில் தலைசுற்றி விழுவதற்கும் இதில் பங்குண்டு. உட்கார்ந்து மட்டும் அளந்தால் இது பிடிபடவே படாது.

கட்டுதான் மிஷினின் உயிர். பெட்டியோடு வருவது பல மாடல்களில் 22 முதல் 32 சென்டிமீட்டர் புயச் சுற்றளவுக்கானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சின்னக் கட்டு பிரஷரைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் நோயாளி நிற்கவே முடியாமல் போவார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் ஒருபோதும் கட்டக்கூடாது, அது அடைத்துக்கொள்ளக்கூடும்.

அளக்கும் முறை: 5 நிமிடம் படுத்திருந்து ஒரு முறை. எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கட்டு இதய மட்டத்தில் இருக்கும்படி கையை உயரமான மேசையிலோ அலமாரித் தட்டிலோ தாங்கவையுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்காரவைத்து, அந்த அளவையும் குறியுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நின்றநிலைத் தாழ்வு அழுத்தம்.

அடுத்து நாடி. எழுந்து நின்றதும் மேல் எண் 30 இறங்கியும் நாடி 15கூட ஏறவில்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. நாடி நன்றாக ஏறினால், டயாலிசிஸில் நீர் அதிகமாக எடுக்கப்பட்டிருக்கலாம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி எப்படியும் அடங்கியே இருக்கும், அவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு ஒரே அளவை நம்பாமல் இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஆகவே நாடியைப் பெரிய எழுத்தில் காட்டும் மிஷின் போதும். புளூடூத்துக்குக் கூடுதல் காசு தேவையில்லை, நோட்டுப்புத்தகமே வசதி. துடிப்பு இடைவெளி மாறுபாடு காட்டும் ஸ்மார்ட் வாட்ச் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

டயாலிசிஸ் முடிந்த நாளிலும் இல்லாத நாளிலும் எடுத்த அளவுகளை மிஸ்ஸியிடமும் (நர்ஸ்) டாக்டரிடமும் காட்டுங்கள். உலர் எடையை (கூடுதல் நீர் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) திருத்துவதா, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தை 36 டிகிரிக்கோ அதற்குச் சற்றுக் கீழோ குறைப்பதா, பிராசோசின் போன்ற பிரஷர் மாத்திரையின் நேரத்தை மாற்றுவதா, டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போது சாப்பிடுவதை நிறுத்துவதா என்று அவர்கள் முடிவெடுக்க அந்த எண்கள் வேண்டும். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்.