‘ஆறும் அமெரிக்கப் பாகங்கள்’ என்று சொல்லி 1,340 டாலர் வாங்கிக்கொண்ட கடை: ரைஃபிள் மாற்றியமைக்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே வரிதான் இருந்தது: ‘பூட்டிக் கொடுத்த பாகங்கள் திரும்பப் பெறப்படமாட்டா.’ மூன்று வாரங்களாக நான் அனுப்பிய ஏழு கடிதங்களுக்கும், கணக்கில்லாத தொலைபேசி அழைப்புகளுக்கும் எழுத்தில் கிடைத்த ஒரே விடை அதுதான். என் ரைஃபிளை மாற்றியமைக்க அவர்களுக்கு நான் கொடுத்தது 1,340 டாலர். டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பதை அறிவேன் என்பதால், ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இணையத்தில் உதிரிபாகம் விற்றுக்கொண்டு, ஹூஸ்டன் புறநகரில் சிறு பட்டறையும் நடத்துகிற வகையைச் சேர்ந்தது என்றால் போதும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ரஷ்யாவில் செய்யப்பட்ட சைகா ரைஃபிள். எச்-1பி விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஏதும் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்பதால் காத்திருந்து, கிரீன் கார்டு வந்த பிறகே உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் துப்பாக்கி வாங்குவோருக்கான படிவம் 4473 நிரப்பி, பழையதாக ஒன்றை வாங்கினேன். 2014 ஜூலையில் அதன் தயாரிப்பாளர் மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்துவிட்டதால் அது புதிதாக வருவதில்லை. ஏகே-47 வகைதான் என்றாலும் வேட்டைத் துப்பாக்கி உருவில் இறக்குமதியானது. கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற தனிப் பிடி கிடையாது, ட்ரிகரும் பின்னால் தள்ளியிருக்கும். அரை மணி நேரம் சுட்டால் மணிக்கட்டு வலி எடுத்துவிடும். வழக்கமான ஏகே உருவுக்கு மாற்றித் தனிப் பிடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். “இருக்கிறதை வைத்துச் சுட்டால் ஆகாதா?” என்றாள் மனைவி. கேட்டிருக்கலாம்.

இந்த ஆசையில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை, ஆனால் எண்ணிக்கை தவறக் கூடாது. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, அதே ஆண்டில் 43 வகை அரைத்தானியங்கி ரைஃபிள்களின் இறக்குமதியை அரசு தடுத்தது. முழுதாகக் கொண்டுவர முடியாத துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டிவிடக் கூடாது என்பதற்காக 1990-இல் 922(ஆர்) என்ற பிரிவு வந்தது. அதற்கான விதிமுறை இருபது பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகங்கள் இருக்கும்படி அத்தகைய ரைஃபிளைப் பூட்டக் கூடாது என்கிறது. தோட்டாக்களை அடைக்கும் மேகசின் ஒன்றே மூன்றாக எண்ணப்படும்: அதன் உடல், தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோயர், அடித்தட்டு. தெரிந்தே மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

தனிப் பிடி போட்டால் சைகாவும் அத்தகைய ரைஃபிளாகிவிடும். அதில் அந்தப் பட்டியலுக்குள் வரும் பாகங்கள் பதினான்கு. கடைக்காரரின் திட்டப்படி சுடும் பொறியின் உறுப்புகளான ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர், தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை, முன்னால் கை பிடிக்கும் ஹேண்ட்கார்ட் ஆகிய ஐந்தும் அமெரிக்கத் தயாரிப்பாக மாறும். புதிதாகச் சேரும் பிடியும் அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் கணக்கில் ஏறாது. பதினான்கில் ஐந்து கழிந்தால் ஒன்பது. என்னிடம் இருக்கும் ரஷ்ய மேகசினைப் போட்டுச் சுட்டாலும் வரம்புக்குள்தான்.

நான் அவரை நம்பிய கணம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர், மேசையில் பச்சைத் துணியை விரித்து என் ரைஃபிளைக் கிடத்தி, இருபது வரிகள் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக் காட்டிச் சிவப்புப் பேனாவால் குறியிட்டுக்கொண்டே வந்தார். இடையில் நான் மேகசினை ஒரே பாகமாக எண்ணிவிட்டேன். அவர் புன்னகையோடு நிறுத்தி, “மூன்று” என்று திருத்தினார். ஏமாற்ற நினைப்பவன் எதற்காக என் கணக்கைத் திருத்தப்போகிறான் என்று எண்ணிக்கொண்டேன். “ஆறும் அமெரிக்கப் பாகங்கள். எண்ணுவது எங்கள் பொறுப்பு, நீங்கள் நிம்மதியாகச் சுடுங்கள்” என்றார். பாகங்களுக்கு 640, வேலைக்கூலி 500, ‘சட்டப்படி சரியாக உள்ளது’ என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு 200. ஆக மொத்தம் 1,340 டாலர். கிரெடிட் கார்டை நீட்டியபோது, துப்பாக்கித் தொழில் என்றாலே கார்டு நிறுவனங்கள் தொல்லை கொடுக்கின்றன என்று சலித்துக்கொண்டு, வங்கிச் செயலியில் நேரடியாக அனுப்பச் சொன்னார். அங்கேயே நின்றபடி அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ரைஃபிள் வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஹேண்ட்கார்டின் உட்புறத்தைத் துடைத்த துணி கறுத்தது. புகைக் கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். கறுத்தது புகை அன்று, பெயின்ட். அதற்கு அடியிலிருந்து வட்டத்துக்குள் 10 என்ற எண் மெல்ல வெளியே வந்தது. ஏகே வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரியும், அது பல்கேரியத் தொழிற்சாலையின் முத்திரை. பிடியின் ஓரத்தில் ‘யூஎஸ்’ என்றிருந்த வெள்ளை எழுத்தை நகத்தால் சுரண்டினேன். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும் படம் போல முழுசாக உரிந்து வந்தது. திருகைக் கழற்றிப் பிடியின் உட்பக்கத்தைப் பார்த்தால் அங்கேயும் அதே வட்டம், அதே 10. பின்கட்டையில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர் மூன்றும் மட்டும் உண்மையான அமெரிக்கப் பாகங்கள். அவற்றில் எழுத்து உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

மறுபடியும் எண்ணினேன். பதினான்கில் மூன்று போகப் பதினொன்று. பல்கேரியப் பிடி சேர்ந்ததால் பன்னிரண்டு. ஒன்பது என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கி, நான் அறியாமலே வரம்பை இரண்டு தாண்டி என் அலமாரியில் இருந்திருக்கிறது. வெளிநாட்டுப் பாகத்தின் அடையாளத்தை மறைத்து உள்நாட்டுத் தயாரிப்பு என்று விற்பது தனிக் குற்றம் என்பது வேறு.

முதல் அழைப்பில், மேலாளர் திரும்ப அழைப்பார் என்றார்கள். அழைக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்த இளைஞர், முத்திரை வார்ப்பச்சினுடையது, அச்சு பல்கேரியாவிலிருந்து வந்ததால் அப்படித் தெரிகிறது, பாகம் இங்கே வார்க்கப்பட்டதுதான் என்று மூச்சு விடாமல் சொன்னார். அப்படியானால் அதன் மேல் பெயின்ட் எதற்கு என்று கேட்டதும் தொடர்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை அந்தப் பெரியவரே பேசினார். “இந்தச் சட்டத்தை யார் பார்க்கிறார்கள்? எண்ணிப் பார்த்து எவரையாவது சிறையில் போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்றார். என் முன்னால் சிவப்புப் பேனாவால் எண்ணியவர் அவர்! பிறகு, அமெரிக்க மேகசின் மட்டும் பயன்படுத்தினால் மூன்று குறைந்து ஒன்பது ஆகிவிடுமே என்று யோசனை சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் என்னிடம் இருப்பவை அனைத்தும் ரஷ்ய மேகசின்கள். அவற்றைப் பயன்படுத்தத்தான் அவருக்கு 1,340 டாலர் கொடுத்தேன்.

200 டாலர் கடிதத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘எங்களுக்குத் தெரிந்த அளவில்’ என்று தொடங்குகிறது. கையொப்பம் இல்லை, பாகங்களின் பட்டியல் இல்லை. இப்படியொரு சான்றிதழைச் சட்டம் கேட்பதே இல்லை. சட்டம் பூட்டுவதைத்தான் தடுக்கிறது, வைத்திருப்பதை அன்று, ஆகவே சிக்கிக்கொள்பவன் கடைக்காரன்தான் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் நான் பிடியைக் கழற்றிவிட்டேன்; அதே பாகங்களோடு திரும்ப மாட்டினால் பூட்டியவன் நானாகிறேன். எனவே ரைஃபிள் பிடியில்லாமல் பெட்டியில் கிடக்கிறது.

வங்கியில் விசாரித்தேன். நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அதே 1,340 டாலரைக் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், கார்டு கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வழி இருந்திருக்கும். ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்ற பொய் முத்திரைக்கு எதிராக 2021-இல் விதி கொண்டுவந்த மத்திய வர்த்தக ஆணையத்துக்குப் படங்களோடு புகார் அனுப்பியிருக்கிறேன்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பாகங்களை நீங்களே தனித்தனியாக, அமெரிக்கத் தயாரிப்பாளரிடமிருந்து ரசீதோடு வாங்குங்கள். பூட்டும் முன் முத்திரைகளைப் படம் எடுங்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடிதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். செயலியில் பணம் அனுப்பாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம், அங்கே மாநிலச் சட்டம் தனி. டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை ஜஸ்டிஸ் கோர்ட் எடுத்துக்கொள்கிறது. அந்த மனுவை இன்று இரவுக்குள் நிரப்பியாக வேண்டும்.