மூடியை மூடினால் ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா?

கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வீடு தஞ்சாவூரில், வாரத்தில் மூன்று நாள் மடிக்கணினியோடு கும்பகோணத்துக்கு பஸ் ஏறுவேன். பழைய கணினி இருந்த ஏழு ஆண்டுகளும் இந்தத் தலைப்பில் உள்ள கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. இரவு மூடியை மூடுவேன், காலையில் கடையில் போய்த் திறப்பேன், விட்ட இடத்தில் வேலை தொடரும். சென்ற ஆண்டு புதுக் கணினி வாங்கிய இரண்டாவது வாரத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

அன்று ஓர் இரும்புக் கடையின் காலாண்டுக் கணக்கு. முந்தைய இரவு நூறு விழுக்காடு சார்ஜோடு மூடி வைத்தேன். காலையில் பையிலிருந்து எடுத்தபோது அடிப்பாகம் கையைச் சுட்டது. பைக்குள்ளேயே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் 34 விழுக்காடு. கடையில் மின்சாரம் இல்லை. மதியம் வரை வராது என்றார்கள். கடைக்காரர் வங்கி அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பாதி வேலையோடு திரும்பினேன். அன்று இரவே இந்த விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தேன். பிறகு சில மாதங்கள் இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். வீட்டை விட்டு வெளியே போகும் விண்டோஸ் மடிக்கணினிக்கு ஹைபர்னேட்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை இங்கே சொல்கிறேன்.

பலரும் அறிந்த வேறுபாட்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஸ்லீப் நிலையில், திறந்திருக்கும் வேலையெல்லாம் ரேம் நினைவகத்திலேயே இருக்கும். அதைக் காப்பாற்ற மின்சாரம் தொடர்ந்து போக வேண்டும். ஹைபர்னேட் நிலையில், ரேமில் இருப்பது சேமிப்பகத்தில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, கணினி முழுவதுமாக அணைந்துவிடும். ஸ்லீப்பிலிருந்து என் கணினி இரண்டு நொடியில் எழுகிறது, ஹைபர்னேட்டிலிருந்து ஏறக்குறைய இருபது நொடி ஆகிறது. வேகத்தில் ஸ்லீப்தான் மேல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது சார்ஜ் இழப்பு. மற்ற எல்லாவற்றையும் விட இதைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஸ்லீப் என்ற சொல் ஒன்றே தவிர, அதன் உள்ளே நடப்பது பழைய கணினியில் ஒன்று, புதிய கணினியில் வேறொன்று.

கணினிகளின் மின் நிலைகளை வகுத்த ஏசிபிஐ என்ற தரநிலை 1996இல் வந்தது. அதில் எஸ்3 என்பதுதான் நாம் பழகிய ஸ்லீப். செயலி அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும், ரேமுக்கும் எழுப்பும் சுற்றுகளுக்கும் மட்டும் சிறிதளவு மின்சாரம் போகும். என் பழைய கணினி ஓர் இரவில் மூன்று நான்கு விழுக்காட்டுக்கு மேல் இழந்ததில்லை. எஸ்4 என்பது ஹைபர்னேட்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கைபேசியைப் போலக் கணினியும் திரை அணைந்த பிறகும் மின்னஞ்சலைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வேறொரு முறை புகுத்தப்பட்டது. விண்டோஸ் 10இல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயர் பெற்றது. இதில் கணினி எஸ்0 நிலையிலேயே, அதாவது இயங்கும் நிலையிலேயே, மிகக் குறைந்த மின்சாரத்தில் இருக்கிறது. எல்லா பாகங்களும் ஒழுங்காக அடங்கினால் இதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஏதாவது ஒரு டிரைவரோ (ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்) வேறு மென்பொருளோ அடங்க மறுத்தால் செயலி ஆழ்ந்த நிலைக்குப் போகாது, பைக்குள் சூடேறும். அண்மைக் கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 அறவே இல்லை. வாங்கும்போது கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

உங்கள் கணினி எந்த வகை என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆங்கில ‘ஏ’ எழுத்தும் இடுங்கள் (powercfg /a). கணினியில் உள்ள நிலைகளும் இல்லாத நிலைகளும் தனித்தனியே வரும். இருப்பவற்றில் எஸ்3 தென்பட்டால், இந்தக் கட்டுரையில் ஸ்லீப்பைப் பற்றி நான் சொல்லும் குறைகளில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. எஸ்0 என்று வந்தால் தொடர்ந்து படியுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி எஸ்3ஐத் திரும்பக் கொண்டுவரும் வழி ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. கணினியின் ஃபர்ம்வேரில், அதாவது தயாரிப்பாளர் உள்ளேயே பதித்த அடிப்படை மென்பொருளில், எஸ்3 இல்லாவிட்டால் அந்த மாற்றம் பயன் தராது. ஸ்லீப்பே காணாமல் போகும். தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியில் அதை நான் செய்யவில்லை.

மாடர்ன் ஸ்டாண்ட்பை கணினியில் குற்றவாளியைப் பிடிக்க நல்ல கருவி ஒன்று உண்டு. அதே கட்டளையோடு ‘ஸ்லீப்ஸ்டடி’ (/sleepstudy) என்று சேர்த்து, நிர்வாகி அனுமதியோடு ஓட்டினால், கடந்த மூன்று நாட்களின் உறக்கக் கணக்கு பிரௌசரில் திறக்கக்கூடிய அறிக்கையாக வரும். எப்போது தூங்கியது, எவ்வளவு சார்ஜ் போனது, எத்தனை விழுக்காடு நேரம் உண்மையில் ஆழ்ந்த நிலையில் இருந்தது, எந்தப் பாகம் தூங்கவிடாமல் செய்தது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். எனக்குக் கணக்குப் பார்ப்பது பிடித்த வேலை என்பதால் இந்த அறிக்கையை விரும்பிப் படித்தேன். இரும்புக் கடைக்குப் போன நாளின் முந்தைய இரவில் முதலிடத்தில் நின்றது வைஃபை கார்டு. அதன் டிரைவரைப் புதுப்பித்தேன். உறக்கத்தின்போது நெட்வொர்க் இணைப்பு வேண்டாம் என்று மாற்றினேன். ஓர் இரவின் இழப்பு பத்து விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் வேறொரு பாகம் முதலிடத்துக்கு வந்தது, மறுபடியும் பை சூடானது. ஸ்லீப்பைச் சீர்செய்ய முடியும். ஆனால் அடுத்த அப்டேட் வரைதான் அது நிற்கும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறுதியானது. ஹைபர்னேட்டில் இப்படி ஓயாமல் காவல் காக்க வேண்டியதில்லை. அணைந்துவிட்ட கணினியில் அடங்க மறுக்க எதுவும் இல்லை. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் மூடி வைத்துத் திறந்தேன்; வைத்த சார்ஜ் அப்படியே இருந்தது.

எஸ்3 கணினி வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை வேறு விதம்: தானாக விழித்துக்கொள்வது அல்லது தூங்கவே மறுப்பது. தானாக விழித்தால் பவர்சிஎஃப்ஜியோடு ‘லாஸ்ட்வேக்’ (/lastwake) சேர்த்துப் பாருங்கள். கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். பெரும்பாலும் மவுஸ் அல்லது நெட்வொர்க் கார்டு. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். நள்ளிரவில் குறிப்பிட்ட நேரத்தில் எழுந்தால் ‘வேக்டைமர்ஸ்’ (/waketimers) என்று கேளுங்கள். திட்டமிட்ட பணி ஏதேனும் இருந்தால் தெரியும். தூங்கவே மறுத்தால் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ (/requests). ஏதோ ஒரு பிரௌசர் பக்கம் ஒலியை ஓட்டிக்கொண்டிருப்பது பல நேரம் அதில் சிக்கும்.

ஹைபர்னேட்டுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதன்மையானது, திரும்பத் திரும்ப எழுதுவதால் எஸ்எஸ்டி (புதிய கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்பகம்) தேய்ந்துவிடும் என்பது. நானும் அதற்குப் பயந்தேன்; பிறகு கணக்குப் போட்டேன். என் கணினியில் ரேம் 16 ஜிபி. ஹைபர்னேட் கோப்பின் இயல்பான அளவு ரேமில் 40 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 6.4 ஜிபி. உள்ளடக்கம் சுருக்கி எழுதப்படுவதால் பல நேரம் இதைவிடக் குறைவாகவே எழுதப்படும். முழுதும் எழுதுவதாகவே வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று முறை என்றால் 19 ஜிபி, ஆண்டுக்கு ஏறத்தாழ 7 டிபி. 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருபவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. அதற்கு முன் கணினியின் மற்ற எல்லாமே பழுதாகிவிடும். ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் ஹைபர்னேட் ஆகி எழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, அந்தக் கெட்ட பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் போகிறதே என்பது மட்டும் உண்மையான குறை. 128 ஜிபி சேமிப்பகம் உள்ளவர்களுக்கு 6 ஜிபி பெரிதுதான்.

ஹைபர்னேட்டிலும் கோளாறுகள் உண்டு. பலருக்கும் முதலில் வருவது, பட்டியலில் அந்தச் சொல்லே இல்லை என்பது. விண்டோஸ் அதை இயல்பாக மறைத்து வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே பூட்டியிருக்கும் அமைப்புகளைத் திறக்கும் இணைப்பு ஆகியவற்றை வரிசையாகச் சொடுக்கினால் கீழே ஹைபர்னேட்டுக்கான கட்டம் தெரியும். அங்கும் இல்லாவிட்டால் நிர்வாகி அனுமதியோடு பவர்சிஎஃப்ஜி, ‘ஹைபர்னேட் ஆன்’ (powercfg /hibernate on) என்ற கட்டளை. அதற்கும் வராவிட்டால் கோப்பு ‘ரெட்யூஸ்ட்’ வகையில் இருக்கக்கூடும். அந்தச் சுருங்கிய வகை, ஷட் டவுன் செய்த கணினியை வேகமாக எழுப்பும் விரைவுத் தொடக்கத்துக்கு மட்டுமே போதும், முழு ஹைபர்னேட்டுக்குப் போதாது. அதை ‘ஃபுல்’ என்று மாற்ற வேண்டும் (powercfg /hibernate /type full). எழும்போது திரை கறுப்பாகவே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரை. எனக்கு அது ஒரே ஒரு முறை நடந்தது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது டிரைவரை நிறுவிய பிறகு வரவில்லை.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸை ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு லினக்ஸுக்குள் போய் விண்டோஸ் பகுதியில் எழுதவே கூடாது, கோப்புகள் கெடும். லினக்ஸ் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதித்து நம்மைக் காப்பாற்றும். லினக்ஸையே ஹைபர்னேட் செய்வது தனிக் கதை. ரேமின் உள்ளடக்கம் கொள்ளும் அளவுக்கு ஸ்வாப் இடம் (ரேமில் இருப்பதை எழுதிவைக்க சேமிப்பகத்தில் ஒதுக்கும் பகுதி) வேண்டும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால் பல விநியோகங்கள் மறுத்துவிடும். அதில் என் அனுபவம் மெய்நிகர் கணினி அளவோடு நிற்கிறது. பரிந்துரை சொல்லும் தகுதி இல்லை.

ஷட் டவுன் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருள், நான்கு எக்செல் கோப்புகள், ஏழெட்டு வங்கி அறிக்கைகள் ஆகியவற்றைக் கடைக்குக் கடை மூடித் திறக்க என்னால் முடியாது. தவிர, விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பதே பாதி ஹைபர்னேட்தான். பயனரின் வேலைகளை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் அதே ஹைபர்னேட் கோப்பில் எழுதி வைக்கிறது. உண்மையான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட்டில்தான் கிடைக்கும். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை இரவு, நான் ரீஸ்டார்ட் செய்கிறேன். ஹைபர்னேட்டையே நம்பி ஓட்டுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது, இல்லையென்றால் மென்பொருள்களின் மந்தம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

வீட்டு மேசைக் கணினிக்கு ஸ்லீப்பே சரி என்று நினைக்கிறேன். அங்கே சார்ஜ் கவலை இல்லை. ஸ்லீப்பில் இருக்கும்போது மின்சாரம் போனால் சேமிக்காத வேலை போய்விடும் என்பதுதான் ஆபத்து. அதற்கு ஹைப்ரிட் ஸ்லீப் என்ற அமைப்பு இருக்கிறது. அது ரேமிலும் வைத்துக்கொண்டு, வட்டிலும் ஒரு படி எழுதிவிடும்.

இப்போது என் அமைப்பைச் சொல்கிறேன். முதலில், பேட்டரியில் இருந்தால் மூடியை மூடியதும் ஹைபர்னேட், மின்சாரத்தில் இருந்தால் ஸ்லீப் என்று பிரித்து வைத்தேன். பார்க்க நியாயமாக இருந்தது. ஒரு நாள் அவசரத்தில், சார்ஜரில் இருந்தபடியே மூடியை மூடி, பிறகு சார்ஜரைப் பிடுங்கிப் பையில் வைத்துவிட்டேன். மூடிய நொடியில் மின்சாரம் இருந்ததால் கணினி ஸ்லீப்புக்குப் போயிருந்தது. பாபநாசம் தாண்டும்போது மடியில் இருந்த பை சுடத் தொடங்கியது. அன்றிலிருந்து இரண்டுக்கும் ஹைபர்னேட் என்று மாற்றிவிட்டேன். தேநீர் குடிக்க எழுந்தால் மட்டும் பவர் பொத்தானை அழுத்துகிறேன். அதற்கு ஸ்லீப் என்று வைத்திருக்கிறேன். அப்படியே மறந்து போனாலும் பேட்டரியில் முப்பது நிமிடம் கழிந்ததும் ஹைபர்னேட்டுக்கு மாறும்படி நேரமும் குறித்திருக்கிறேன்.

தீராமல் மிச்சமிருக்கும் தொல்லை ஒன்று உண்டு. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கனைச் செருகியபடியே ஹைபர்னேட் செய்தால், எழுந்த பிறகு கணினி அதை அடையாளம் காண்பதில்லை. பிடுங்கி மறுபடி செருக வேண்டியிருக்கிறது. சர்வரில் உள்ள டேலி கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் இணைப்பு அறுந்துவிடுகிறது. அதனால் பையில் வைக்கும் முன் டோக்கனைக் கழற்றுவதையும் சர்வர் கோப்பை மூடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.